ரேஸ் கார்களில் நடந்த விசித்திரமான ஏரோடைனமிக்ஸ் சோதனைகள்: எவை பலித்தன, ஏன் தடை வந்தது?

கேள்வி இது: உயரமான கம்பிகளின் மேல் இறக்கை, அடியிலுள்ள காற்றை உறிஞ்சும் ஃபேன், ஆறு சக்கரம் என்று ரேஸ் கார்களில் ஒரு காலத்தில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அவற்றில் எவை உண்மையிலேயே பலித்தன? பலித்தவற்றை ஏன் தடை செய்தார்கள்? கம்ப்யூட்டர் இல்லாத நாளில் எப்படி அளந்தார்கள்?

பார்க்க விசித்திரமாக இருந்தவற்றில் பெரும்பாலானவை பலித்தன. காற்றைப் பற்றிய கணக்கு அநேகமாகச் சரியாகவே இருந்தது. காற்று தந்த சுமையைத் தாங்க வேண்டிய கம்பி, தகடு, ஸ்பிரிங் ஆகியவைதான் கைவிட்டன. அதனால் இந்தச் சோதனைகளைப் பார்க்கும்போது எவ்வளவு விசை கிடைத்தது என்பதோடு, அந்த விசை எந்த வழியாகப் போய் டயரில் இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1956 முதல் இன்றுவரை நடந்ததெல்லாம் அதில் புரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் எண்கள். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 47 கிலோ எடைக்குச் சமம். 200 கி.மீ. வேகத்தில் அது 189 கிலோ, 300-இல் 425 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 0.6 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் தூக்குவிசைக் குணகம் (இயக்க அழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு விசை தரும் என்ற எண்) 1.5 என்று கொண்டால், 200 கி.மீ. வேகத்தில் சுமார் 170 கிலோ கீழே அழுத்தும். 100-இல் வெறும் 42 கிலோதான். இந்த அழுத்தத்தைத்தான் டவுன்ஃபோர்ஸ் என்கிறார்கள். மூட்டை ஏற்றினாலும் டயர் தரையைப் பிடிக்கும், ஆனால் வளைவில் அந்த மூட்டையையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். காற்றின் அழுத்தத்துக்கு அந்தச் செலவு கிடையாது. அதற்கான விலை காற்றுத்தடையாக நேர்பாதையில் வசூலாகும்.

அந்த 170 கிலோவை எங்கே ஏற்றுவது? இறக்கையை உடலின் பின்பகுதியில் பொருத்தினால் சுமை ஸ்பிரிங் வழியாகத்தான் டயருக்குப் போகும். பின்சக்கரங்களில் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் விறைப்பு தருகின்றன என்று வைத்துக்கொண்டால், 200 கி.மீ. வேகத்தில் பின்பகுதி 28 மி.மீ. அமுங்கும். 300-இல் 60 மி.மீ.க்கும் மேல். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும், முன்சக்கரம் பிடியை இழக்கும், கார் திரும்ப மறுக்கும். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் மெதுவான வளைவிலும் மேடுபள்ளத்திலும் டயர் துள்ளும். இந்த இக்கட்டிலிருந்து தப்பத்தான் அத்தனை விசித்திரங்களும் பிறந்தன.

தலைகீழ் இறக்கை என்ற எண்ணம் பழையது. 1928 மே மாதம் பெர்லினின் ஆவுஸ் பாதையில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் ஓட்டிய ஓப்பல் ராக் 2 என்ற ராக்கெட் காரின் இரு பக்கமும், காரைத் தரையோடு அழுத்த இறக்கைகள் இருந்தன. அந்த ஓட்டத்தில் 238 கி.மீ. வேகம் எட்டியது. 1955 லெ மான் பந்தயத்தில் மெர்சிடஸ் 300 எஸ்எல்ஆர் கார்களில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பெரிய மூடி இருந்தது. நீண்ட நேர்பாதை முடிந்து வேகம் குறைக்கும் இடத்தில் ஓட்டுநர் அதை உயர்த்துவார். ஜாகுவாரிடம் டிஸ்க் பிரேக் இருந்தது, மெர்சிடஸிடம் டிரம் பிரேக்தான். அந்தக் குறையைக் காற்றால் ஈடுகட்டினார்கள். மூடி பாதி உயர்ந்த நிலையில் பின்சக்கரங்களின் பிடி கூடியதை ஓட்டுநர்கள் உணர்ந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பை அப்போது யாரும் தொடர்ந்து எடுத்துச் செல்லவில்லை.

அடுத்த ஆண்டே, 1956 நியூர்பர்க்ரிங் 1000 கி.மீ. பந்தயத்துக்கு, மைக்கேல் மே என்ற சுவிஸ் பொறியாளர் தன் போர்ஷே 550 காரின் நடுவில், ஓட்டுநரின் தலைக்கு மேல், கோணம் மாற்றக்கூடிய இறக்கையோடு வந்தார். அதை வைத்த இடம் மிகச் சரியானது. காரின் எடைமையத்துக்கு அருகில் இருந்ததால் முன்னும் பின்னும் சுமை பகிர்ந்து இறங்கும், மூக்கு தூக்காது. அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. கழற்றிவிட்டுத்தான் ஓட வேண்டியிருந்தது. ரேஸ் உலகம் அதன்பின் பத்தாண்டு காலத்தை வீணடித்தது என்பதே என் கணிப்பு.

அந்தப் பத்தாண்டின் முடிவில் வந்தது சப்பாரல் 2இ. சப்பாரல் என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மிட்லண்டில் ஜிம் ஹால், ஹாப் ஷார்ப் இருவரும் நடத்திய பட்டறை. பக்கத்திலேயே சொந்தமாக ஒரு சோதனைப் பாதையும் வைத்திருந்தார்கள். 1966-இல் கேன்-ஆம் என்ற வட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத் தொடருக்கு வந்த 2இ காரின் பின்னால் இரண்டு உயரமான கம்பிகளின் மேல் இறக்கை நின்றது. கம்பிகளின் அடிப்பகுதி உடலில் பொருத்தப்படவில்லை, நேராகப் பின்சக்கரத்தின் அப்ரைட்டில், அதாவது ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் தாங்கியில், பொருத்தப்பட்டது. எனவே காற்றின் சுமை ஸ்பிரிங்கைத் தொடாமல் டயருக்கு இறங்கியது. மென்மையான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே அழுத்தத்தையும் பெறலாம்.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. சப்பாரலின் கியர்பாக்ஸில் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் விசையைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் கருவி) இருந்ததால் கிளட்ச் பெடல் தேவையில்லை. இடது கால் சும்மா இருந்தது. அந்தக் காலுக்கு ஒரு பெடல் கொடுத்து இறக்கையோடு இணைத்தார்கள். நேர்பாதையில் மிதித்தால் இறக்கை படுத்துக் காற்றுத்தடை குறையும். காலை எடுத்தால் சாய்ந்து அழுத்தம் தரும். ஏதாவது பழுதானால் இறக்கை எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதையும் யோசித்திருந்தார்கள்: பெடலை விட்ட நிலையே அழுத்தம் தரும் நிலை. பின்னால் மட்டும் அழுத்தம் மாறினால் சமநிலை கெடும் என்பதால், மூக்கில் இருந்த காற்றுக் குழாயின் மடிப்புக் கதவும் அதே பெடலோடு சேர்ந்து இயங்கியது. மூக்கில் இடம் வேண்டும் என்பதற்காக ரேடியேட்டர்கள் பக்கவாட்டுக்கு நகர்ந்தன. ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைக்கும் பழக்கம் இன்றுவரை நிலைத்துவிட்டது. லகுனா செக்காவில் ஃபில் ஹில் முதலிடம், ஜிம் ஹால் இரண்டாமிடம். அதன் மூடிய வடிவமான 2எஃப் 1967-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத்தில் வென்றது.

ஃபார்முலா 1 இதைப் பார்த்துக் கொண்டிருந்தது. 1968 பெல்ஜியப் பந்தயத்தில் ஃபெராரி, பிரபாம் கார்களில் இறக்கை தோன்றியது. லோட்டஸ் 49பி கார்களில் சப்பாரலைப் போல அப்ரைட்டில் ஊன்றிய உயரமான கம்பிகள் வந்தன. சில மாதங்களிலேயே அகலமும் உயரமும் போட்டி போட்டு வளர்ந்தன. கணக்கு பிசகியது இங்கேதான். மெல்லிய குழாய் நேர் அழுத்தத்தில் உடைவதற்கு முன் வளைந்து மடங்கும். அது தாங்கும் சுமை, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதாவது கம்பியின் நீளத்தை இரட்டித்தால் தாங்கும் திறன் கால்வாசிதான். இறக்கையை அகலமாக்கினால் சுமை ஏறும், உயர்த்தினால் தாங்கும் திறன் இறங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார்கள். அதற்கு மேல், அப்ரைட்டில் ஊன்றிய கம்பி சாலையின் ஒவ்வொரு குலுக்கலையும் ஸ்பிரிங்கின் பாதுகாப்பு இல்லாமல் நேரடியாக வாங்கும்.

1969 மே 4, பார்சிலோனாவின் மொந்துயிக் பூங்கா. ஓரிடத்தில் சாலை மேடேறி இறங்கும். அங்கே கார் எடையிழந்து மறுபடி அமரும்போது கம்பிகளின் சுமை சட்டென்று மாறும். கிரஹாம் ஹில்லின் லோட்டஸில் இறக்கை மடங்கிக் கார் தடுப்பில் மோதியது. சில சுற்றுகள் கழித்து அதே இடத்தில் அதே விதத்தில் யோகன் ரிண்ட்டின் லோட்டஸும் போய், கிடந்த முதல் காரின் மீதே மோதியது. ரிண்ட் காயத்தோடு தப்பினார். அதே மாதம் மொனாக்கோவில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே உயர இறக்கைகள் தடை செய்யப்பட்டன. காற்றியக்கப் பாகங்கள் அசையக்கூடாது, உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும் என்ற விதி நிலைபெற்றது. இந்த ஒரு விதிதான் அடுத்த இருபதாண்டுகளின் தலையெழுத்து. சுமையை நேராகச் சக்கரத்தில் இறக்கும் வழி அடைபட்டுவிட்டது. இனி எது செய்தாலும் சுமை ஸ்பிரிங் வழியாகத்தான் போக வேண்டும்.

அப்படியானால் வேகத்தையே நம்பாத அழுத்தம் கிடைக்குமா? 1970-இல் ஜிம் ஹால் தந்த விடை சப்பாரல் 2ஜே. முன்சக்கரங்களுக்குப் பின்னாலிருந்து கடைசிவரை காரின் அடிப்பகுதியைச் சுற்றி லெக்ஸான் எனும் பாலிகார்பனேட் தகடுகளால் ஸ்கர்ட், அதாவது தரையை நெருங்கித் தொங்கும் தடுப்பு, கட்டினார்கள். வால் பகுதியில் 17 அங்குல ஃபேன்கள் இரண்டு. அவற்றை ஓட்ட, பனிச்சறுக்கு வண்டியில் வரும் இரு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தனியாக. அது சுமார் 45 குதிரைத்திறன். கார் நின்றுகொண்டிருந்தாலும் உறிஞ்சும்.

இது எப்படிச் சாத்தியம் என்பதை ஒரு தோராயக் கணக்கில் பாருங்கள். அடைத்த பரப்பு 3 சதுர மீட்டர் என்போம். உள்ளே காற்றழுத்தத்தை வளிமண்டலத்தைவிட 2 சதவீதம் மட்டும் குறைத்தால் போதும், 600 கிலோவுக்கு மேல் அழுத்தம் கிடைக்கும். அந்த அழுத்த வித்தியாசத்தில் இடுக்கு வழியாக நுழையும் காற்று விநாடிக்கு 58 மீட்டர் வேகத்தில் பாயும். ஸ்கர்ட்டின் மொத்தச் சுற்றளவு 7 மீட்டர், தரையோடு இடைவெளி 1 செ.மீ. என்றால், இடுக்கில் காற்றோட்டம் ஆறு பங்குக்கு (60 சதவீதத்துக்கு) சுருங்குவதையும் சேர்த்து, விநாடிக்குச் சுமார் இரண்டரை கன மீட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபேனின் செயல்திறன் பாதிதான் என்று கொண்டாலும் 13 குதிரைத்திறன் போதும். இடைவெளி 2.5 செ.மீ. ஆனால் 33 குதிரைத்திறன் வேண்டும். ஆக, ஃபேனைவிட ஸ்கர்ட்தான் இதன் உயிர். உடல் வளைவில் சாய்ந்தாலும் பிரேக்கில் குனிந்தாலும் ஸ்கர்ட்டின் விளிம்பு தரையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஸ்கர்ட்டைக் கேபிள்களாலும் நெம்புகோல்களாலும் சஸ்பென்ஷனோடு பிணைத்திருந்தார்கள். 2ஜே-யின் உண்மையான சாதனையாக நான் மதிப்பது இந்தப் பிணைப்பைத்தான்.

வாட்கின்ஸ் கிளென்னில் ஜாக்கி ஸ்டூவர்ட் அதை ஓட்டி, பந்தயத்தின் அதிவேகச் சுற்றைப் பதிவுசெய்தார். பிறகு பிரேக் தாங்காமல் விலகினார். வளைவை வேகமாகக் கடக்கும் கார் அடுத்த வளைவுக்கும் அதிக வேகத்தோடு வந்து சேரும், பிரேக்குக்கு ஆறும் நேரம் இல்லை. பின்பு விக் எல்ஃபர்ட் ரோடு அட்லாண்டாவில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். ரிவர்சைடில் மற்றவர்களைவிட 2 விநாடிக்கும் மேல் வேகமாகச் சுற்றி, தகுதிச் சுற்றில் மறுபடி முதலிடம் பிடித்தார். ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. துணை எஞ்சின் தகராறு, உறிஞ்சிய தூசியும் கல்லும் பின்னால் வருபவர் மேல் விழுவது, இவை போதாதென்று எதிரணிகளின் புகார். அந்த ஆண்டோடு தடை வந்தது. காரணம் அதே 1969 சிந்தனை: அசையும் காற்றியக்கச் சாதனம்.

ஃபேன் இல்லாமல் அதே உறிஞ்சலைப் பெற்றது லோட்டஸ். அந்த அணியின் பொறியாளர் பீட்டர் ரைட், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் விண்ட் டனலில் (காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில்) கால் அளவு மாதிரியை வைத்துச் சோதித்துக் கொண்டிருந்தார். அளவுகள் ஒரு நிலையில் நிற்காமல் மாறின. பார்த்தால், மாதிரியின் பக்கப்பெட்டிகள் காற்று ஏற ஏறத் தொய்ந்து தரையை நெருங்கிக் கொண்டிருந்தன. அட்டையை ஒட்டி அந்த இடுக்கை அடைத்துப் பார்த்தபோது அழுத்தம் பெருமளவில் எகிறியது. பக்கப்பெட்டியின் அடிப்பாகத்தைத் தலைகீழ் இறக்கைபோல் வளைத்து, ஓரத்தை ஸ்கர்ட்டால் அடைத்தால், காற்று ஒடுங்கிய பாதையில் வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், கார் தரையோடு ஒட்டும். 1977-இல் லோட்டஸ் 78, அடுத்த ஆண்டு லோட்டஸ் 79. மரியோ ஆண்ட்ரெட்டி உலகச் சாம்பியன் ஆனார்.

ஸ்கர்ட் செய்வது சுலபம்போல் தெரியும். முதலில் பிரஷ் மயிர் வைத்துப் பார்த்தார்கள். காற்று கசிந்தது. பிறகு மேலும் கீழும் வழுக்கும் தகடு வந்தது. பெட்டிக்குள் தகடு, மேலிருந்து ஸ்பிரிங் தள்ளும், தரையில் உரசும் விளிம்பில் தேயாத செராமிக் பட்டை. சங்கடம் என்னவென்றால் உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். அதனால் தகடு பெட்டியின் சுவரோடு பக்கவாட்டில் அழுந்தும். வேகம் ஏற ஏற உராய்வு ஏறும். தகடு எந்த வேகத்தில் சுதந்திரமாக ஓட வேண்டுமோ அந்த வேகத்தில்தான் சிக்கிக்கொள்ளும். ஓரக்கல்லில் ஏறி விளிம்பு வளைந்தாலும், மண் புகுந்தாலும் அதே கதி. ஒரு பக்கத் தகடு மேலே மாட்டிக்கொண்டால் வளைவின் நடுவில், முன்னறிவிப்பே இல்லாமல், அந்தப் பக்கத்து அழுத்தம் காணாமல் போகும். ஓட்டுநர் செய்ய ஒன்றும் இருக்காது. 1981-இல் வழுக்கும் ஸ்கர்ட்டுக்குத் தடை வந்ததற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இன்னொரு நோய் குதிப்பு. கார் தாழத் தாழ அழுத்தம் ஏறும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பாதை அடைபட்டுக் காற்று பிரியும், அழுத்தம் விழும், ஸ்பிரிங் காரை மேலே தள்ளும், காற்று மறுபடி ஒட்டும், மறுபடி இழுக்கும். விநாடிக்குச் சில முறை இப்படித் துள்ளும். மூக்கின் அடிவரை ஸ்கர்ட்டை நீட்டிய லோட்டஸ் 80 இதனாலேயே 1979-இல் கைவிடப்பட்டது. 2022-இல் ஃபார்முலா 1 அடிப்பகுதிச் சுரங்கங்களுக்கு, அதாவது காரின் அடியில் வளைத்துச் செய்த இத்தகைய காற்றுப் பாதைகளுக்கு, திரும்பியபோது அதே நோய் அப்படியே திரும்பி வந்தது.

லோட்டஸ் 79-க்கு எதிராகப் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மரேக்கு ஒரு தடங்கல் இருந்தது. அவரிடமிருந்த ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் படுத்த 12 சிலிண்டர். அடிச்சுரங்கம் போக வேண்டிய இடத்தை இரு பக்கத்து சிலிண்டர்களும் அடைத்துக்கொண்டன. பிடி46 காரில் அவர் முதலில் முயன்றது வேறு: ரேடியேட்டரே இல்லாமல் உடலின் மேற்பரப்பில் பதித்த தட்டையான வெப்பமாற்றிகள். அவை போதிய வெப்பத்தை வெளியேற்றவில்லை. அடுத்து பிடி46பி. எஞ்சினுக்கு மேலே படுக்கையாக ஒரு பெரிய ரேடியேட்டர், எஞ்சின் அறையைச் சுற்றி ஸ்கர்ட், வாலில் கியர்பாக்ஸ் வழியாக ஓடும் ஒரே ஃபேன். ரேடியேட்டர் வழியாகவும் காற்று இழுக்கப்படுவதால் ஃபேனின் முதன்மை வேலை குளிர்விப்பு என்று வாதிட்டார்கள். முதன்மை நோக்கம் காற்றியக்கமாக இருந்தால்தான் விதி தடுக்கும்.

1978 ஜூன் 17, சுவீடனின் ஆண்டர்ஸ்டார்ப். தகுதிச் சுற்றில் உண்மையான வேகம் தெரியாதிருக்க எரிபொருள் தொட்டியை நிரப்பி ஓடினார்கள். அப்படியும் இரண்டாம், மூன்றாம் இடம். நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் கண்ணெதிரே தாழும். அதை மறைக்கவே முடியவில்லை. பந்தயத்தில் வேறொரு கார் சிந்திய எண்ணெயில் மற்றவர்கள் தடுமாற, நிக்கி லாடா அதன் மேலேயே போய் 34 விநாடிக்கும் அதிக இடைவெளியில் வென்றார். ஓட்டும் விதமும் தலைகீழ். எஞ்சின் சுழற்சி ஏறினால்தான் ஃபேன் ஏறும் என்பதால், பிடி குறைகிறது என்று தோன்றும்போது காலை எடுக்கக்கூடாது, இன்னும் மிதிக்க வேண்டும். வெற்றி செல்லும் என்றார்கள். ஆனால் கார் மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை. மற்ற அணிகளின் எதிர்ப்பில் பிரபாமே விலக்கிக்கொண்டது, பிறகு ஃபேனுக்குத் தடையும் வந்தது.

1981-இல் தரையிலிருந்து 6 செ.மீ. இடைவெளி கட்டாயம் என்று விதி வந்தது. அளப்பது பிட்டில் (பாதையோரம் அணிகள் காரைக் கவனிக்கும் இடம்), கார் நிற்கும்போது. மரே பிடி49சி-யில் ஹைட்ரோ-நியூமேட்டிக் சஸ்பென்ஷன் வைத்தார். வேகத்தில் காற்றின் அழுத்தமே திரவத்தைச் சிறு துளை வழியாக மெல்லத் தள்ளிக் காரைத் தாழ்த்தும். துளை சிறியது என்பதால் மெதுவான வளைவுகளில் எழும்ப நேரம் இருக்காது. பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பும் சுற்றில் 6 செ.மீ.க்கு எழுந்து நிற்கும். எதிரணிகள் அந்த நுட்பத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை, காரை ஏற்றி இறக்க ஓட்டுநர் கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்துவிட்டன.

அதே ஆண்டு லோட்டஸ் 88 வந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக அறிவார்ந்த கார் அதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டகங்கள். வெளிச்சட்டகம் காற்றின் சுமை முழுவதையும் வாங்கி, விறைப்பான சின்ன ஸ்பிரிங்குகள் வழியாகச் சக்கர அப்ரைட்டுகளில் இறக்கும். உள்சட்டகத்தில் ஓட்டுநரும் எஞ்சினும், மென்மையான ஸ்பிரிங்குகளில். 1966 சப்பாரலின் கம்பிகள் செய்ததையே, உடலுக்கும் ஸ்பிரிங் உண்டு என்று விதியின் சொற்களுக்குள் நின்று செய்ய முயன்றது. எதிர்ப்பு எழுந்தது, லாங் பீச்சில் வெளியேறச் சொல்லும் கறுப்புக் கொடி காட்டினார்கள், மாற்றியமைத்த வடிவமும் ஏற்கப்படவில்லை. எந்தப் பந்தயத்திலும் ஓடவிடவில்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஸ்பிரிங்கே இல்லாததுபோல் விறைத்துப்போன அக்காலக் கார்களில் ஓட்டுநர்களின் முதுகெலும்பு பட்ட பாட்டுக்கு 88 ஒரு தீர்வு.

ஆறு சக்கரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைரல் பி34-இல் முன்னால் 10 அங்குலச் சக்கரங்கள் நான்கு, மூக்கின் அகலத்துக்குள் ஒளிந்தன. 1976-இல் ஆண்டர்ஸ்டார்ப்பில் முதல் இரண்டு இடமும் அதற்கே. ஆனால் பின்சக்கரங்கள் முன்போலவே அகலமாகக் காற்றில் நின்றதால் காற்றுத்தடையில் லாபம் குறைவு, சின்ன டயரை வேறு எந்த அணியும் பயன்படுத்தாததால் அதன் மேம்பாடு பின்தங்கியது. வில்லியம்ஸ் தலைகீழாகச் சிந்தித்துப் பின்னால் நான்கு குறுகலான சக்கரங்கள் வைத்தது. அடிச்சுரங்கம் தடையின்றிக் கடைசிவரை நீளும். சோதனை ஓட்டத்தோடு சரி. 1983 முதல் நான்கு சக்கரம்தான் என்று விதி வந்தது.

அசையும் பாகம் கூடாது என்றால் அசையாத பாகத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு 2010 மெக்லாரனின் எஃப்-டக்ட் நல்ல உதாரணம். மூக்கருகே ஒரு காற்றுவாய், காக்பிட்டில் ஒரு துளை, அங்கிருந்து பின்னிறக்கைக்குக் குழாய். நேர்பாதையில் ஓட்டுநர் முழங்காலால் துளையை மூடினால், காற்று வழிமாறிப் பின்னிறக்கை மடிப்பின் இடுக்கில் பீறிட்டு, அங்கே ஒட்டியோடும் ஓட்டத்தைப் பிரித்துவிடும். காற்றுத்தடை குறைந்து உச்ச வேகம் கூடும். காரில் எதுவும் அசையவில்லை, ஓட்டுநரின் கால் மட்டுமே அசைந்தது. ஃபெராரியில் சிலர் இடது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துத் துளையை மூடுவதைப் பார்த்தபின் 2011-க்குத் தடை.

எல்லாம் தவறாகப் போனால் எப்படியிருக்கும் என்பதற்கு 1999 லெ மான். மெர்சிடஸ் சிஎல்ஆர் காரில் முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீளம், சக்கரங்களுக்கு இடையிலான தூரமோ குறைவு. முன்னால் போகும் காரை ஒட்டிச் செல்லும்போது மூக்குக்குச் சுத்தமான காற்று கிடைக்காது. அந்த நேரத்தில் மேடு ஒன்று வந்து மூக்கு கொஞ்சம் எழுந்தால் தட்டையான அடிப்பகுதி முழுவதும் விமான இறக்கையாகிவிடும். மார்க் வெப்பர் இரண்டு முறை, பந்தயத்தில் பீட்டர் டம்ப்ரெக் ஒரு முறை காற்றில் பறந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. எஞ்சிய காரை அணி உடனே நிறுத்தியது.

இனி அளவீடு. மலிவானது கம்பளி நூல். 7 முதல் 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் மெல்லிய டேப்பால் ஒட்டி, பக்கத்துக் காரிலிருந்து படமெடுப்பார்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது, சுழன்று ஆடினால் பிரிந்துவிட்டது. தடித்த டேப்பின் விளிம்பே காற்றைத் தடுக்கி விடும், கவனம் வேண்டும். இன்னொன்று, மெல்லிய எண்ணெயில் ஒளிரும் பொடியைக் கலந்து பூசி, பிட்டிலிருந்து கிளம்பி ஒரே சீரான வேகத்தில் ஓடித் திரும்புவது. வேகம் மாறினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து படம் பொய் சொல்லும்.

அழுத்தத்துக்கு, பரப்பில் சின்னத் துளைகள், மெல்லிய ரப்பர் குழாய், தண்ணீர் நிரப்பிய யு வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 10 பாஸ்கல். 200 கி.மீ. வேகத்தின் இயக்க அழுத்தம் 189 மி.மீ. தண்ணீராக நிற்கும், கண்ணாலேயே படிக்கலாம். மொத்த விசைக்கு டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) தண்டில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு, மேடுபள்ளம் இல்லாத நேர்பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டினால், அமுங்கிய தூரம்வரை வளையம் தள்ளப்பட்டு நிற்கும். டேம்பர் நகர்வைச் சக்கர நகர்வாக மாற்றி, ஸ்பிரிங் விறைப்பால் பெருக்கினால் கிலோ கிடைக்கும். காற்றுத்தடைக்கு நியூட்ரலில் உருளவிட்டு வேகம் குறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இரண்டு திசையிலும் ஓடினால்தான் அன்றைய காற்றின் பிழை நீங்கும். விண்ட் டனலில் மாதிரி வைப்பதென்றால் அடியில் ஓடும் பட்டை அவசியம். தரை அசையாவிட்டால் அடிப்பகுதிக் காற்று தடித்து, ஸ்கர்ட் சோதனைகளே அர்த்தமிழக்கும். உறிஞ்சல் நன்றாக இருந்தால் அந்தப் பட்டையே மேலெழும்பும், அதைக் கீழிருந்து தனியாக உறிஞ்சிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் மிகச் சிக்கனமான அளவீட்டுக் கருவி 1969 அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் பாதையில் கிடைத்தது. போர்ஷே 917 அந்த ஆண்டு முழுவதும் நேர்பாதையிலேயே தடுமாறி ஓட்டுநர்களை அச்சுறுத்திக் கொண்டிருந்தது. சஸ்பென்ஷனை எப்படி மாற்றினாலும் தீரவில்லை. ஜான் வயர் அணியின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஓடித் திரும்பிய காரைப் பார்த்தார். மூக்கிலும் கண்ணாடியிலும் சிறு பூச்சிகள் அடித்து ஒட்டியிருந்தன. வாலில் இருந்த ஸ்பாய்லர் தகடுகளில் ஒரு பூச்சிகூட இல்லை. பூச்சி படவில்லை என்றால் காற்றும் படவில்லை. காற்று வாலுக்கு மேலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, வாலை மேல்நோக்கிச் சரிவாக உயர்த்திக் கட்டினார்கள். கார் உடனே நிலைகொண்டது, சுற்று நேரமும் இறங்கியது. அந்தக் குட்டை வால் வடிவம்தான் 917கே. 1970-இல் லெ மான் பந்தயத்தில் போர்ஷேக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது அந்தக் கார்.